கழிக்காத நிறை

வகுப்பில் யாராவது “இந்தச் சார்பு அதிகரிக்கிறது” என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். எந்த ஆயிடையில், எங்கிருந்து எங்கே வரை அதிகரிக்கிறது? விடாமல் அதிகரிக்கிறதா, நடுவில் எங்காவது சமமாக நின்று இளைப்பாறுகிறதா? இதையெல்லாம் சொல்லாமல் அதிகரிக்கிறது என்றால் நான் எதை நம்புவது? எழுப்பி நிறுத்தி முழுதாகச் சொல்ல வைப்பேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னைத் “திட்டமாக டீச்சர்” என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கூப்பிட்டுக்கொள்ளட்டும். சோதனைத் தாளில் புள்ளி வாங்கும்போது என்னை நினைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. சில புத்தகங்கள் “ஏறும் சார்பு” என்கின்றன, சில “கூடும்” என்கின்றன, எங்கள் பாடத்திட்டம் “அதிகரிக்கும்” என்கிறது. அதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கெல்லாம் சமனில்தான். இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து என்று ஓர் எண்வரிசை போகிறது என்று வையுங்கள். இது அதிகரிக்கும் வரிசையா? ஒரு புத்தகம் ஆமாம் என்கிறது, ஏனென்றால் எந்த இடத்திலும் குறையவில்லை. இன்னொன்று இல்லை என்கிறது, ஏனென்றால் மூன்றுக்குப் பிறகு மூன்றே வருகிறது. படித்த காலத்தில் இந்தக் குழப்பத்தால் நான் ஒரு கேள்வியையே இழந்திருக்கிறேன். அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். சமனாக நிற்கலாம் என்றால் அது “குறையாத” வரிசை. ஒவ்வொரு அடியிலும் கூடியே ஆக வேண்டும் என்றால் “திட்டமாக அதிகரிக்கும்” வரிசை. வெறும் “அதிகரிக்கும்” என்ற சொல்லுக்கு என் வகுப்பில் இடமில்லை.

நான் படிப்பிப்பது நோர்வூட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம். பிறந்து வளர்ந்தது அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். இப்போதும் அதே தோட்டத்தில்தான், புதிதாகக் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். எங்கள் பள்ளியில் கணிதப் பிரிவு தொடங்கி அப்போது இரண்டாவது வருடம். அதற்கு முன் கணக்குப் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை ஹட்டனில் அறை எடுத்துத் தங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சேர் ஒருவர் இரண்டு தவணை நன்றாகப் படிப்பித்தார், மாற்றம் கிடைத்து ஊருக்குப் போய்விட்டார். பிறகு வந்தவள் நான். வகுப்பில் பதினொரு பேர். நானும் போனால் அந்தப் பதினொரு பேருக்கும் வேறு ஆளில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, அதிபரே ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் முகத்தைப் பார்த்ததும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்.

மகள் பிறந்து, பிரசவ லீவு முடிந்ததும் அவளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. நானும் அங்கே தொட்டிலில் கிடந்தவள்தான். அங்கே பொறுப்புக்கு ஓர் இளம் பெண் இருந்தாள், அலுவலர் பிள்ளை என்போம், உதவிக்கு ஓர் ஆயம்மா. சித்திரை வருடப்பிறப்போடு அலுவலர் பிள்ளை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போக, எல்லாப் பொறுப்பும் ஆயம்மா தலையில் விழுந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். முழங்கால் போன பிறகு சில வருடம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் சாக்கை மாட்டி, நிறையைச் சத்தம் போட்டுச் சொல்லும் வேலை பார்த்தவர். பிள்ளைகள் அவர் மடியில் ஏறினால் இறங்காது. மகளை அவரிடம் விட எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை.

மாதத்துக்கு ஒரு நாள் மிஸ்ஸி வருவார். எங்கள் பக்கம் மருத்துவிச்சியை அப்படித்தான் சொல்வோம். கம்பளிச் சட்டையும் ரப்பர் சப்பாத்துமாக நடந்து வரும் சிங்கள அம்மா, நல்ல மனுஷி. மேசை போட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் அலுவலர் பிள்ளை, அவள் போன பிறகு ஆயம்மா, உத்தரத்தில் தொங்கும் வட்டத் தராசில் பிள்ளையைப் பையோடு மாட்டி, முள்ளைப் பார்த்து நிறையைச் சொல்வார். மிஸ்ஸி அதைப் பிள்ளையின் அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார்.

அந்த அட்டையை முதல் தடவை விரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கீழே மாதம், பக்கத்தில் கிலோ, நடுவில் நிற நிறமாய்ப் பட்டைகள். நான் கரும்பலகையில் நாள் முழுக்கப் போடுகிற வரைபு என் மகள் பெயரில் இருக்கிறது! தை மாதம் ஆறு கிலோ எண்ணூறு. பிறகு ஏழு நூறு, ஏழு நானூறு, ஏழு அறுநூறு. என் வீட்டுக்காரரிடம் காட்டி, “பாருங்க, திட்டமா அதிகரிக்குது” என்றேன். அவர் தேயிலை லொறி ஓட்டுபவர், கொழும்புக்குப் பெட்டி ஏற்றிப் போய் வந்த களைப்பில் இருந்தார். சாப்பாடு போடுகிறாயா என்று கேட்டார்.

மே மாதம் மழை பிடித்தது. அந்த மாதப் புள்ளி ஏழு கிலோ முந்நூறு.

கோடு கீழே இறங்கியதை நான் நம்பவில்லை. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று கூடப் பார்த்தேன். மிஸ்ஸி பேனையால் புள்ளியைத் தட்டி, “பர அடுயி, டீச்சர்” என்றார். நிறை குறைந்துவிட்டதாம். மழைக்காலத்தில் இந்தத் தோட்டங்களில் இது வழக்கம், சளித் தடிமன், வயிற்றோட்டம், பிள்ளைகள் இளைத்துவிடும், நன்றாகப் பால் கொடுங்கள் என்றார். அன்றைக்கு மற்றத் தாய்மாருக்கும் அதே ஏச்சு கிடைத்தது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம்.

அந்த மாதம் முழுக்க நான் மகளுக்கு ஊட்டிய ஊட்டு சொல்லி முடியாது. மிஸ்ஸி தந்த சத்துமா, முட்டை மஞ்சள்கரு, கீரை மசித்த சோறு. ஜூன் மாதம் ஏழு கிலோ இருநூறு. ஆயம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தூக்கிக் கையில் கொடுக்கும்போது, “கனத்துப் போச்சுங்க டீச்சர், இடுப்புல வச்சுக்க முடியல” என்பார். என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை மாதமும் ஏழு இருநூறு. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் சண்டை போடுகிற ஆளில்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“கொறையலதானே” என்றேன் நான்.

“கூடவும் இல்லியே” என்றார்.

என் சட்டத்தை எடுத்து என் முகத்திலேயே விட்டெறிந்த மாதிரி இருந்தது. குறையாத வரிசை கணக்குக்குப் போதும். பத்து மாதம், பதினொரு மாதம், பன்னிரண்டு மாதம் என்று வளர்கிற பிள்ளைக்குப் போதாது. அவள் திட்டமாக அதிகரித்தே ஆக வேண்டும், சமனாக நிற்பதே நோய். இது எனக்குத் தெரியாமலா? தெரிந்ததால்தான் வாய் நீண்டது. நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இளைக்கிறது என்று நினைக்கிறீர்கள், சொல்லித் தொலையுங்களேன் என்று ஆரம்பித்தேன். அவர் சொல்லாததையெல்லாம் நானே சொன்னேன். கடைசியில், அடுத்த மாதமும் கூடாவிட்டால் சம்பளமில்லா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன், போதுமா என்று கத்தினேன். “சரி, அப்படியே செய்” என்றார் அவர், மெதுவாக.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நிகர் நானேதான். மறுநாளே லீவுப் படிவத்தை வாங்கி, பெயரும் பாடமும் எழுதி, திகதி மட்டும் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறது என்ற நினைப்புதான். பதினொரு பேரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து எனக்கே அழுகை வரும்.

நீங்கள் கேட்கலாம், கணக்கு டீச்சர்தானே, வேறு ஒரு தராசில் நிறுத்துப் பார்த்திருக்கக்கூடாதா என்று. நானும் என்னை அதைக் கேட்டு எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் பிள்ளைகளை நிறுக்கிற தராசு இருந்தது. ஹட்டன் பாமசியில் இருந்தது. பயந்துபோன தாய்க்குத் தராசில் சந்தேகம் வராது. தன் மேல்தான் வரும். என் பால் போதாது, நான் சமைப்பது சரியில்லை, நான் காலையில் ஆறு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறேன், இப்படியே மூன்று மாதம் போனது.

ஓகஸ்ட் நிறுவைக்குப் பத்து நாள் இருந்தது. அன்று வகுப்பில் சார்புகளின் கூட்டலும் கழித்தலும். எஃப் திட்டமாக அதிகரிக்கும், ஜீ திட்டமாக அதிகரிக்கும், அப்படியானால் இரண்டின் கூட்டுத்தொகை? எல்லாரும் ஒரே குரலில் அதுவும் அதிகரிக்கும் என்றார்கள். நான் முறைத்தேன். “திட்டமாக” என்று சேர்த்துக்கொண்டார்கள். சரி, எஃபிலிருந்து ஜீயைக் கழித்தால்? பாதிப் பேர் அதுவும் அப்படித்தான் என்றார்கள். கரும்பலகையில் உதாரணம் எழுதத் திரும்பினேன். அதற்குள் கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்துவிட்டாள். மேல் டிவிஷன் லயத்துப் பிள்ளை, கேட்டால் ஒழியப் பேசாதவள்.

“இல்லைங்க டீச்சர்” என்றாள். “எஃப் கூடுது, சரிங்க. கழிக்கிறதும் கூடிக்கிட்டே போனா மிச்சம் கூடும்னு சொல்ல முடியாதுங்க. எங்கம்மா இந்த மழையில முந்தி விட கூடத்தான் கொழுந்து எடுக்குறாங்க. மழை கூடக் கூட மடுவத்துல ஈரத்துக்குன்னு கழிக்கிற ஈரக் கழிவையும் கூட்டிடுறாங்க. கடைசியா எழுதுறதைப் பார்த்தா, முந்தின வாரத்தை விட கொறஞ்சுதான் இருக்கு.”

வகுப்பு சிரித்தது. எல்லாருடைய அம்மாவும் கொழுந்து எடுக்கிறவர்கள், எல்லாருக்கும் அந்தக் கழிவு தெரியும். உண்மையில் நான் எழுத இருந்த உதாரணத்தை விட அது நல்ல உதாரணம். மெச்சிச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகளின் அட்டை கண்முன்னால் வந்து நின்றது.

ஒரே அளவைக் கழித்துக்கொண்டே போனால் வரைபு அப்படியே கீழே தள்ளி நிற்கும், அவ்வளவுதான், ஏறுவது நிற்காது. கழிக்கிற அளவு மாதா மாதம் கூடினால்தான் ஏறுகிற கோடு இறங்கும். மே மாதம் இறங்கியது. ஜூனில் இறங்கியது. ஜூலையில் நின்றது. மே மாதத்திலிருந்துதான் தராசைப் பார்த்துச் சொல்பவர் ஆயம்மா. ஆயம்மா வாழ்நாளெல்லாம் கழித்து எழுதுகிற இடத்தில் இருந்தவர். மழையும் மே மாதத்திலிருந்துதான்.

கையிலிருந்த சோக்கு விழுந்ததை ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான். மீதிக் கணக்கை நீங்களே போடுங்கள் என்று சொல்லிவிட்டு அதிபரிடம் ஓடினேன். அரை நாள் லீவு கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. நிரந்தரமாகப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. விளையாட்டு சேரிடம் கெஞ்சி, பிள்ளைகள் ஏறி நிற்கிற தராசை வாங்கி, மழைக்கு ரெட்டைப் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சீட் இல்லை. பக்கத்தில் நின்றவர் என்ன சாமான் என்று கேட்டார். தராசு என்றேன். வழி நெடுக அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயம்மா ஈரத் துணிகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். நனைந்த தலையோடு நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை எப்படி நிறுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. யாரும் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை போலும். பையை எடுத்துக் காட்டினார், தராசின் கொக்கியைக் காட்டினார், முள் எங்கே நிற்கும் என்று காட்டினார்.

“அப்புறம் கழிவுங்க” என்றார். “மே மாசம் பைக்கும் துணிக்கும் அரைக் கிலோ. அடுத்த மாசம் ஈரம் கூட, எண்ணூறு கிராம். போன மாசம் ஒரே அட மழை, ஒரு கிலோ கழிச்சேன். எல்லாப் புள்ளைக்கும் ஒரே கழிவுதாங்க. ஆளு பார்த்துக் கழிக்கிறது எங்கிட்ட இல்ல.”

பையை வெறுமையாக மாட்டிப் பார்த்தேன். முள் பூச்சியத்தில் நின்றது. போன அலுவலர் பிள்ளை பையோடு சேர்த்தே முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். கழிக்க வேண்டியது முதலிலேயே கழிந்துவிட்டது. அதற்கு மேல் ஆயம்மா மூன்று மாதமாக ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரிடமிருந்தும் சதையை வெட்டி வெட்டி எடுத்திருக்கிறார்.

கத்தினேன். மறைக்க விரும்பவில்லை, நன்றாகவே கத்தினேன். இது கொழுந்தா, பிள்ளையா? யார் உங்களைக் கழிக்கச் சொன்னது? என் உத்தியோகம் போகப் போகிறது, தெரியுமா? தூங்கிய பிள்ளைகளில் நாலைந்து எழுந்து அழ ஆரம்பித்தன. ஆயம்மா ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பயப்படவில்லை, அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை.

“நிறுத்தாக் கழிக்கணும்தானேங்க” என்றார். “முப்பத்திநாலு வருசம் நான் எடுத்த ஒரு கூடையக்கூட மடுவத்துல முழுசா எழுதுனது கெடையாது. கழிக்காம எழுதுனா அது களவில்லையா டீச்சர்?”

என் அம்மாவும் அந்த மடுவத்தில் வரிசையில் நின்றவர்தான். முள் காட்டுகிற எண் ஒன்று, புத்தகத்தில் ஏறுகிற எண் வேறு என்பதை ஒரு நாளும் ஏனென்று கேட்காமல் வீட்டுக்கு வந்தவர்தான். ஆயம்மா மிஸ்ஸியிடம் நேர்மையாக இருக்க வேண்டுமென்று, எங்கள் பிள்ளைகளின் பேரில் ஒரு கிராம்கூட கள்ளக் கணக்கு ஏறக்கூடாதென்று பார்த்துப் பார்த்துக் கழித்திருக்கிறார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளித் தராசைத் தரையில் வைத்தேன். முதலில் நான் மட்டும் ஏறினேன், ஐம்பத்துநான்கு ஐந்நூறு. மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், அறுபத்திரண்டு எண்ணூறு. சின்னப் பிள்ளைகூடக் கழித்துச் சொல்லிவிடும், எனக்கு மூன்று தடவை பிழைத்தது. எட்டு கிலோ முந்நூறு. இறங்கினேன், மறுபடி ஏறினேன். அதே எட்டு முந்நூறு. உத்தரத்துத் தராசில் மாட்டினேன், கழிக்காமல் முள்ளைப் பார்த்தேன். எட்டு முந்நூறு! என் பிள்ளை இளைக்கவே இல்லை. ஒரு மாதம்கூட இளைக்கவில்லை.

ஆயம்மாவின் கழிவுகளைத் திருப்பிக் கூட்டினேன். மே மாதத்து ஏழு முந்நூறு உண்மையில் ஏழு எண்ணூறு. ஜூன் மாதத்து ஏழு இருநூறு உண்மையில் எட்டு. ஜூலையில் ஏழு இருநூறாகவே நின்றது உண்மையில் எட்டு இருநூறு. பிள்ளைகளுக்கு அ ஆ எழுதிக் காட்டுகிற சின்னக் கரும்பலகை சுவரில் இருந்தது. அதில் வரிசையாக எழுதினேன். ஏழு அறுநூறு, ஏழு எண்ணூறு, எட்டு, எட்டு இருநூறு. திட்டமாக அதிகரிக்கும். பெரிய எழுத்தில் அதையும் எழுதிக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். மகள் சோக்குத் துண்டைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மகளைத் தூக்கிக் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பிறகு, மிஸ்ஸி எழுதட்டும், அதுவரைக்கும் படிவம் உன் பையிலேயே இருக்கட்டும் என்றார். நியாயம்தான். வாக்கை நான்தான் கொடுத்தேன், புள்ளி மிஸ்ஸியின் பேனையிலிருந்துதான் வர வேண்டும்.

நிறுவை நாள் வந்தது. நான் அரை நாள் லீவு போட்டிருந்தேன், அவரும் லொறியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஆயம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் மிஸ்ஸியிடம் எப்படிச் சொல்வது என்று நான் பத்து நாளாக யோசித்து, முள்ளில் கொஞ்சம் பிழை இருந்தது என்று தொடங்கலாம் என முடிவு செய்திருந்தேன். அந்த அவசியமே வரவில்லை. மிஸ்ஸி மேசையில் உட்கார்ந்ததும் ஆயம்மா நேரே போய் முன்னால் நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தான் கழித்ததையும் எந்த மாதம் எவ்வளவு என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலை போனாலும் பரவாயில்லை, பிள்ளைகளின் கோட்டைச் சரி செய்துவிடுங்கள் என்றார்.

மிஸ்ஸி பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அட்டைகளை எல்லாம் கொண்டு வரச் சொன்னார், பதினெட்டு அட்டை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கூட்டிச் சொல்ல, பழைய புள்ளிகளை வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்து, புதுப் புள்ளிகளைப் போட்டார். இறங்கி இறங்கிக் கிடந்த கோடுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரே ஒரு பிள்ளையின் கோடு மட்டும் கூட்டிய பிறகும் படுத்தே கிடந்தது. அந்தத் தாயைத் தனியாக அழைத்து, மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். எல்லாப் பிள்ளையும் இளைத்த மாதிரி தெரிந்ததில் உண்மையாய் இளைத்த அந்த ஒன்று இத்தனை நாள் மறைந்து கிடந்திருக்கிறது. பிறகு மிஸ்ஸி எழுந்து நின்று, தாய்மாரைப் பார்த்து, தெரிந்த தமிழில், “நான் உங்கள ஏசினது பிழை” என்றார். தாய்மாருக்கு இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. பின்வரிசையில் ஒருத்தி மாத்திரம் தலையை நிமிர்த்தி, அப்படிச் சொல்லுங்க என்றாள்.

நிறுவை தொடங்கியது. முதல் பிள்ளையை மாட்டியதும் ஆயம்மா முள்ளைப் பார்த்தார், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. யாராவது வந்து தடுப்பார்களோ என்று வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு ஒன்பது கிலோ நூறு என்றார். மிஸ்ஸி எழுதினார். இரண்டாவது பிள்ளைக்குக் குரல் கொஞ்சம் ஏறியது. ஆறாவது பிள்ளைக்குள் மடுவத்தில் கூப்பிட்ட அதே குரல் வந்துவிட்டது, றோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். என் மகளின் முறை வந்தபோது அவள் அட்டையை மிஸ்ஸியின் முன்னால் விரித்து வைத்தேன். “எட்டு கிலோ நானூறு!” என்றார் ஆயம்மா.

ஏழு அறுநூறு, ஏழு எண்ணூறு, எட்டு, எட்டு இருநூறு, எட்டு நானூறு. மாதா மாதம் இருநூறு கிராம், பொது வித்தியாசம் மாறாத கூட்டல் விருத்தி! எந்தப் பிள்ளையும் அப்படி விதிப்படி வளர வேண்டியதில்லை, அடுத்த மாதம் அவளும் அப்படி வளரவில்லை. அன்றைக்கு மட்டும் அப்படி அமைந்தது, எனக்கென்றே. கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் அதை நாலாகக் கிழித்து, பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பில் போட்டார். “பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கு” என்றார். “போ. பதினொரு பேரு ஒன்னைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.”

திருப்பிக் கொடுப்பதற்காகத் தராசைப் பையில் சுற்றப் போனபோது ஆயம்மா பக்கத்தில் வந்தார். கூட்டம் கலைந்திருந்தது.

“என்னையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க டீச்சர்” என்றார்.

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கம்பளிச் சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது நான் தடுத்துவிட்டேன். எதையும் கழற்ற வேண்டாம், அப்படியே ஏறுங்கள் என்றேன். தலைத்துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து ஏறி, ஆடாமல் நின்றார்.

“நாப்பத்திமூணு கிலோ அறுநூறு” என்றேன்.

“கழிச்சு எவ்வளவுங்க?”

“கழிக்க ஒண்ணும் இல்ல. முழுசும் நீங்கதான்.”

எழுதச் சொன்னார். அவருக்கு அட்டை இல்லை, அதனால் சுவரிலிருந்த கரும்பலகையில் எழுதினேன். கிட்டப் போய், எழுத்தைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். நான் தராசைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

“அதை யாரும் அழிச்சிறக் கூடாதுன்னு ஒரு வார்த்த எழுதிட்டுப் போங்க டீச்சர்.”

திரும்பி வந்து எழுதினேன். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.